கண்டெய்னர்கள் மெஷினை விழுங்கும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பல கடைகளில் காணும் அமைப்பு ஒன்றுதான். பின்னறையில் 8 ஜிபி ராம், நான்கு கோர் உள்ள பழைய டெஸ்க்டாப், அதில் உபுண்டு, அதன்மேல் டாக்கரில் (ஒவ்வொரு புரோகிராமையும் கண்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) பில்லிங், மரியாடிபி டேட்டாபேஸ், போட்டோ சேமிப்பு, பேக்கப் என்று நாலைந்து கண்டெய்னர்கள். குலசேகரத்து ரப்பர் ஷீட் கடையானாலும் தக்கலை அச்சகமானாலும் பழுது வரும் விதம் ஏறக்குறைய ஒன்றே. டாக்கர் தானாக எந்தக் கண்டெய்னருக்கும் மெமரி வரம்போ சிபியு வரம்போ போடுவதில்லை. நாம் போடாவிட்டால் ஒரே கண்டெய்னர் முழு மெஷினையும் எடுத்துக்கொள்ளும். அளந்து பார்க்காமல் குத்துமதிப்பாகப் போட்டால் அந்த வரம்பே அடுத்த பழுதாகிவிடும்.

கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும். கோடுகளும் எண்களும் காட்டியபடியே இருக்கட்டும்.

கை வைக்கும் முன்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதை ஓட்டுங்கள்:

`டாக்கர் ஸ்டாட்ஸ் --நோ-ஸ்ட்ரீம்`

இப்படி ஒரு வரி வரும் என்று வையுங்கள்:

`பில்லிங்   103.40%   1.87ஜிபி / 7.66ஜிபி   24.41%   61`

சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கும் 7.66 மெஷினின் மொத்த ராம். அந்த இடத்தில் மொத்த ராம் தெரிந்தால் அந்தக் கண்டெய்னருக்கு வரம்பே இல்லை என்று பொருள். 103 சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கோர் 100, நான்கு கோர் மெஷினில் உச்சம் 400. கடைசி எண் 61, அதற்குள் ஓடும் ப்ராசஸ்களும் த்ரெட்களும்.

அடுத்து `ஃப்ரீ -எம்`. இதில் பார்க்க வேண்டியது "அவைலபிள்" என்ற கடைசிப் பத்தியும், ஸ்வாப்பில் (ராம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) எவ்வளவு போயிருக்கிறது என்பதும். "ஃப்ரீ" பத்தியில் குறைந்த எண் இருப்பது லினக்ஸில் இயல்பு, அது பழுதல்ல.

மூன்றாவது, இந்த வரம்புகளை நடைமுறைப்படுத்தும் கெர்னல் வசதியான சிகுரூப் எந்தப் பதிப்பு என்பது. `ஸ்டாட் -எஃப்சி %டி /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்` என்று கேளுங்கள். இதில் சதவீதக் குறிக்குப் பின் வரும் டி மட்டும் பெரிய எழுத்து. "சிகுரூப்2எஃப்எஸ்" என்று வந்தால் பதிப்பு 2, "டிஎம்பிஎஃப்எஸ்" என்று வந்தால் பழைய பதிப்பு 1. உபுண்டு 21.10 முதலும் டெபியன் 11 முதலும் பதிப்பு 2 தான் இயல்பு. இந்த விடையைக் குறித்து வையுங்கள், பின்னால் சில இடங்களில் வேண்டும்.

அறிகுறி 1: முழுக் கம்ப்யூட்டரும் ஹேங், மவுஸ்கூட நகரவில்லை, ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது

பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற எழுத்துகளை இரண்டிரண்டு விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக அமுக்குங்கள். எழுதாமல் மெமரியில் நிற்பது டிஸ்குக்குப் போகும், டிஸ்க் படிக்க மட்டும் என்று மாறும், பிறகு மெஷின் ரீபூட் ஆகும். உபுண்டுவில் இந்த மூன்றுக்கும் இயல்பாகவே அனுமதி உண்டு. டேட்டாபேஸ் ஓடும் மெஷினில் இந்த ஆறு விநாடிப் பொறுமைக்கு மதிப்பு அதிகம்.

எழுந்ததும் `ஜர்னல்சிடிஎல் -கே -பி -1` கட்டளையால் போன முறை ஓடியபோது கெர்னல் எழுதியதைப் பாருங்கள். "அவுட் ஆஃப் மெமரி" என்று வரி இருந்தால் அது எப்படித் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம்.

*"மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி" என்று தொடங்கினால்:* ஒரு கண்டெய்னர் தனக்குப் போட்ட வரம்பில் முட்டியிருக்கிறது. மெஷின் ஹேங் ஆனதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அறிகுறி 2-க்குப் போங்கள்.

*வெறும் "அவுட் ஆஃப் மெமரி" என்று தொடங்கினால்:* மெஷின் முழுவதும் ராம் தீர்ந்திருக்கிறது. கெர்னல் பெரிதாக இருந்த ப்ராசஸைக் கொன்றிருக்கும். அது பெரும்பாலும் தப்பு செய்தது அல்ல, அப்பாவி டேட்டாபேஸ்தான். இதற்கு மருந்து பட்ஜெட். 8 ஜிபி மெஷினுக்கு இப்படிப் பங்கிடலாம்: ஹோஸ்டுக்கு (கண்டெய்னர்களைத் தாங்கும் மெஷினுக்கு) 1.5 ஜிபியை ஒதுக்கி அதைத் தொடாதீர்கள். மரியாடிபிக்கு 2 ஜிபி, பில்லிங்குக்கு 1, போட்டோவுக்கு 2, பேக்கப்புக்கு அரை. மொத்தம் 7. மிச்சமிருக்கும் அரை ஜிபிச் சொச்சத்தை அப்படியே விடுங்கள். அதையும் பங்கு போட்டால் ஒரு அப்டேட் ஓடும் நாளில் மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னருக்கே வரம்பு போட முடியும்:

`டாக்கர் அப்டேட் --மெமரி 1ஜி --மெமரி-ஸ்வாப் 1ஜி பில்லிங்`

இரண்டாவது எண்ணில்தான் பலரும் தவறுகிறார்கள். மெமரி-ஸ்வாப் என்பது ஸ்வாப்பின் அளவு அல்ல. ராமும் ஸ்வாப்பும் சேர்ந்த மொத்தம். இரண்டும் 1 ஜிபி என்றால் ஸ்வாப்பே கிடையாது. இரண்டாவதை எழுதாமல் விட்டால், மெஷினில் ஸ்வாப் இருக்கும் பட்சத்தில், ராம் அளவுக்கே ஸ்வாப்பும் எடுத்துக்கொள்ள டாக்கர் அனுமதிக்கும். 1 ஜிபி வரம்பு போட்டதாக நினைப்பீர்கள், கண்டெய்னர் 2 ஜிபியில் நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்கில் ஸ்வாப் இருந்தால் அந்த விளக்கு விடாமல் எரிவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு எச்சரிக்கை. இப்போது 1.8 ஜிபி பிடித்திருக்கும் கண்டெய்னருக்கு 1 ஜிபி வரம்பு போட்டால், சிகுரூப் 2-இல் அது அங்கேயே கொல்லப்படலாம். கடை சாத்தியபின் செய்யுங்கள்.

*லாகில் எதுவுமே இல்லையென்றால்:* கண்டெய்னரைக் குறை சொல்வதை நிறுத்துங்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று ராம் பட்டையின் தொடுமுனைகளிலும் ஃபேனிலும் படிகிறது. கரண்டை முழுதாக அணைத்து ராமைக் கழற்றி, தொடுமுனையை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு முழுக்க ஓடட்டும். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை நம்பக் கூடாது. லாகில் "ஐ/ஓ எரர்" என்று டிஸ்க் பெயரோடு வரி இருந்தால் வேறு எதையும் செய்யாமல் டேட்டாவை வேறு டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டு, ஹார்ட்வேர் தெரிந்தவரை அழையுங்கள்.

அறிகுறி 2: மெஷின் நன்றாக ஓடுகிறது, ஒரு கண்டெய்னர் மட்டும் செத்துச் செத்து எழுகிறது

`டாக்கர் பிஎஸ் -ஏ` கொடுத்தால் நின்றுபோன கண்டெய்னருக்குப் பக்கத்தில் வெளியேறிய எண் இருக்கும்.

137 என்றால் வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டது. 128-உம் 9-ஆம் எண் சிக்னலும் சேர்ந்தது 137. கொன்றது யார் என்பதை `டாக்கர் இன்ஸ்பெக்ட் பில்லிங்` காட்டும். அந்த நீண்ட வெளியீட்டில் "ஓஓஎம்கில்டு" என்ற வரியைத் தேடுங்கள்.

*ட்ரூ என்று இருந்தால்* மெமரி வரம்பு போதவில்லை. உடனே வரம்பை ஏற்றத் தோன்றும். அதற்குமுன் உள்ளே இருக்கும் புரோகிராமுக்கு அந்த வரம்பு தெரியுமா என்று பாருங்கள். கண்டெய்னருக்குள் `ஃப்ரீ -எம்` அடித்தாலும் ஹோஸ்டின் ராம்தான் தெரியும். அதை நம்பித் தன்னை அமைத்துக்கொள்ளும் புரோகிராம்கள் நிறைய. வெளியே போட்ட வரம்பும் உள்ளே போட்ட அளவும் பொருந்தாததுதான் 137-இன் பொதுவான காரணம்.

மரியாடிபி, மைஎஸ்க்யூஎல்: இன்னோடிபி பஃபர் பூல் (டேட்டாவை ராமில் வைத்துக்கொள்ளும் இடம்) இயல்பாக 128 எம்பிதான். யாரோ ஒருவர் மெஷினின் ராமில் 70 சதவீதம் என்ற கணக்கில் 5 ஜிபி என்று எழுதிவைத்திருப்பார். அது டாக்கர் இல்லாத காலத்துக் கணக்கு. இப்போது கண்டெய்னர் வரம்பில் பாதிதான் பஃபர் பூல்: 2 ஜிபி வரம்புக்கு 1 ஜிபி.

ஜாவா: 8-இன் 191-ஆவது அப்டேட்டுக்கு முந்தையது என்றால் வரம்பைச் சரியாக உணராது, முதலில் அப்டேட் செய்யுங்கள். புதியது உணரும், ஆனால் இயல்பாக வரம்பில் கால்வாசியைத்தான் ஹீப்புக்கு (புரோகிராமின் டேட்டா நிற்கும் மெமரி) எடுக்கும். 1 ஜிபி கண்டெய்னரில் 256 எம்பி. அதனால் ஜாவா தானே "அவுட் ஆஃப் மெமரி எரர், ஜாவா ஹீப் ஸ்பேஸ்" என்று லாகில் எழுதும், 137 வராது. அப்போது கண்டெய்னர் வரம்பைக் கூட்டாமல் மேக்ஸ்ராம்பர்சென்டேஜ் அளவை 60 ஆக்குங்கள். 90 என்று வைத்தால் த்ரெட்களுக்கும் மற்றவற்றுக்கும் இடம் இல்லாமல் திரும்ப 137 வரும்.

நோட்.ஜேஎஸ்: மேக்ஸ்-ஓல்டு-ஸ்பேஸ்-சைஸ் 1 ஜிபிக்கு 700. பிஎச்பி: ஒரு வேலையாள் ப்ராசஸ் 40 எம்பி பிடித்தால் 20 பேருக்கு 800 எம்பி, மேக்ஸ் சில்ட்ரன் (வேலையாட்களின் உச்ச) எண்ணை இப்படிப் பெருக்கிப் பார்த்தே வையுங்கள்.

உள்ளே சரியாக இருந்தும் முட்டுகிறது என்றால் வரம்பை ஏற்றலாம். எவ்வளவு? நெரிசல் நேரத்தில் அளந்து, உச்சத்தோடு கால்பங்கு சேருங்கள். தோவாளைப் பூக்கடைக்கு நெரிசல் விடியற்காலை. ஓணத்துக்கு முந்தைய நாட்களில் கேரளத்துக்குப் போகும் பூவால் பில் பல மடங்காகும். மீன் கமிஷன் கடைக்கு நெரிசல் படகு கரைசேரும் நேரம். செவ்வாய்க்கிழமை மதியம் அளந்து போட்ட வரம்பு அந்த நேரத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும்.

*ஃபால்ஸ் என்று இருந்து 137 வந்தால்* இரண்டு வாய்ப்பு. ஒன்று, மெஷினே ராம் தீர்ந்து கொன்றது, அறிகுறி 1. மற்றொன்று, `டாக்கர் ஸ்டாப்` கொடுத்து 10 விநாடியில் புரோகிராம் நிற்காததால் டாக்கரே கொன்றது. டேட்டாபேஸுக்கு 10 விநாடி போதாது. கம்போஸ் கோப்பில் (கண்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கோப்பு) ஸ்டாப்_கிரேஸ்_பீரியட் என்று ஒரு வரி சேர்த்து 1எம் கொடுங்கள். இங்கே எம் என்பது நிமிடம்.

வரம்பை இரண்டு தடவை ஏற்றியும், மறுதொடக்கத்துக்குப்பின் சில மணி நேரத்தில் மெமரி நேர்க்கோடாக ஏறி முட்டுகிறது என்றால் அது புரோகிராமின் கசிவு. எழுதியவர்தான் திருத்த வேண்டும். மணிக்கொரு தரம் எடுத்த ஸ்டாட்ஸ் எண்களோடு அவரை அழையுங்கள். "அடிக்கடி நிக்குது" என்று மட்டும் சொன்னால் அவராலும் கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி 3: வரம்பு போட்டாயிற்று, பிடிக்கவில்லை

எளியதிலிருந்து:

நேற்று போட்ட வரம்பு இன்று இல்லை. டாக்கர் அப்டேட்டில் போட்டது அந்தக் கண்டெய்னரோடு போய்விடும். கம்போஸ் அதை அழித்துப் புதிதாக உருவாக்கினால் கோப்பில் உள்ளதுதான் செல்லும். கோப்பிலேயே எழுதுங்கள்:

`சர்வீசஸ்:`
`  பில்லிங்:`
`    மெம்_லிமிட்: 1ஜி`
`    மெம்ஸ்வாப்_லிமிட்: 1ஜி`
`    சிபியுஸ்: 1.5`
`    பிட்ஸ்_லிமிட்: 200`

எழுதியபின் `டாக்கர் கம்போஸ் அப் -டி`. வெறும் ரீஸ்டார்ட் கொடுத்தால் கோப்பில் செய்த மாற்றம் ஏறாது.

கோப்பில் டிப்ளாய் என்பதன்கீழ் வரம்பு இருக்கிறது, வேலை செய்யவில்லை. நடுவில் சிறுகோடு போட்டு எழுதும் பழைய டாக்கர்-கம்போஸ், பதிப்பு 3 கோப்பில் அந்தப் பகுதியை ஸ்வார்ம் (பல மெஷின்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் முறை) இல்லாமல் கண்டுகொள்ளாது. புதிய கம்போஸ் கண்டுகொள்ளும். பழையதை நீக்கிப் புதியதைப் போடுவதே நல்லது.

ராஸ்பெரி பையில் ஸ்டாட்ஸ் மெமரியை 0 / 0 என்று காட்டுகிறது. அதில் மெமரி சிகுரூப் இயல்பாக அணைந்திருக்கும். பூட் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் ஃபோல்டரில் (பழைய ஓஎஸ்ஸில் நேராக பூட்டிலேயே) உள்ள சிஎம்டிலைன் டாட் டிஎக்ஸ்டி கோப்பில் `சிகுரூப்_எனேபிள்=மெமரி சிகுரூப்_மெமரி=1` சேருங்கள். இருக்கும் ஒரே வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும். புது வரியில் எழுதினால் பயனில்லை. பிறகு ரீபூட்.

"கெர்னல் ஸ்வாப் லிமிட்டை ஆதரிக்கவில்லை" என்ற எச்சரிக்கை சிகுரூப் 1 மெஷின்களில் வரும். கிரப் அமைப்பில் கெர்னல் வரியில் `சிகுரூப்_எனேபிள்=மெமரி ஸ்வாப்அக்கவுண்ட்=1` சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீபூட் செய்தால் போகும்.

பழைய உபுண்டுவில் ரூட் இல்லாமல் ஓடும் பாட்மேனில் (டாக்கர் போன்ற இன்னொரு மென்பொருள்) மெமரி வரம்பு பிடிக்கும், சிபியு வரம்பு பிடிக்காது. சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி, 252-க்கு முந்தைய பதிப்புகளில், சாதாரண யூசருக்கு மெமரியையும் பிட்ஸையும் (ப்ராசஸ் எண்ணிக்கை) மட்டுமே இயல்பாகக் கையளிக்கிறது. இடிசி-க்குள் சிஸ்டம்டி, சிஸ்டம், அதற்குள் `யூசர்@.சர்வீஸ்.டி` என்ற ஃபோல்டர் உண்டாக்கி, டெலிகேட் டாட் கான்ஃப் என்ற கோப்பில் `[சர்வீஸ்]` என்ற தலைப்பின்கீழ் `டெலிகேட்=சிபியு சிபியுசெட் ஐஓ மெமரி பிட்ஸ்` எழுதுங்கள். டெலிகேட்டின் முதல் எழுத்தும் சர்வீஸ் தலைப்பின் முதல் எழுத்தும் பெரியவை. டீமன்-ரீலோடு செய்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

அறிகுறி 4: எதுவும் சாகவில்லை, ஆனால் பில் போட அரை நிமிடம் ஆகிறது

அந்தக் கண்டெய்னருக்குள் `/சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்` ஃபோல்டரில் உள்ள சிபியு டாட் ஸ்டாட் கோப்பைப் படியுங்கள் (சிகுரூப் 2). அதில் என்ஆர்_பீரியட்ஸ், என்ஆர்_த்ராட்டில்டு என்று இரண்டு எண். ஒரு நிமிடம் விட்டு மறுபடி படித்து இரண்டும் எவ்வளவு கூடின என்று பாருங்கள். த்ராட்டில்டு, பீரியட்ஸில் பத்தில் ஒன்றுக்குமேல் கூடியிருந்தால் சிபியு வரம்பு அமுக்குகிறது. 0.5 என்று போட்டிருந்தால் 100 மில்லிவிநாடிக்கு 50 மட்டும் ஓடி மீதி நேரம் சும்மா நிற்கும். பில்லிங்குக்கு 1.5 கொடுங்கள்.

கூடவில்லை என்றால் பக்கத்துக் கண்டெய்னர் தின்கிறது. முகம் அடையாளம் காணும் வேலையோடு வரும் போட்டோ கண்டெய்னர்கள் முதல் சந்தேகத்துக்குரியவை. அதைக் குறிப்பிட்ட கோர்களுக்குள் அடைக்கலாம்: `--சிபியுசெட்-சிபியுஸ் 2,3`. கோர் எண்ணிக்கை 0-இல் தொடங்கும், ஆகவே 0-உம் 1-உம் கடை வேலைக்கு மிஞ்சும். சிபியு-ஷேர்ஸ் என்ற எண் (இயல்பு 1024) போட்டி வரும்போது மட்டுமே வேலை செய்யும். மெஷின் ஓய்வாக இருந்தால் அது எதையும் தடுக்காது, அதை வரம்பு என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

சிபியு ஓய்வாக இருந்தும் மந்தம் என்றால் டிஸ்க். `ஐஓஸ்டாட் -எக்ஸ் 2` ஓட்டி கடைசிப் பத்தியைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் அது 100-ஐ ஒட்டியே நின்றால் பேக்கப் கண்டெய்னருக்கு `--டிவைஸ்-ரைட்-பிபிஎஸ் /டெவ்/எஸ்டிஏ:10எம்பி` போடுங்கள். சிகுரூப் 1-இல் இது சாதாரண எழுத்து வேலையைப் பிடிக்காது. அங்கே பேக்கப்பைக் கடை சாத்திய நேரத்துக்கு மாற்றுவதே வழி. இன்னமும் சுழலும் டிஸ்கில் டேட்டாபேஸ் வைத்திருப்பவர், இத்தனை மாற்றமும் செய்வதற்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி வாங்கினால் செலவான பணத்தின் பலன் அந்த வாரமே தெரியும்.

அறிகுறி 5: "டிவைஸில் இடம் இல்லை"

`டிஎஃப் -எச்` பாருங்கள். டிஸ்க் உண்மையிலேயே நிறைந்திருந்தால் பெரும்பாலும் லாக். டாக்கரின் இயல்பான லாகுக்கு அளவு வரம்பு இல்லை. நிறைந்த லாக் கோப்பை அழித்தால் இடம் திரும்பாது, டாக்கர் அதைத் திறந்தே வைத்திருக்கும். `ட்ரன்கேட் -எஸ் 0` கொடுத்துக் காலியாக்குங்கள். பிறகு இடிசி-க்குள் டாக்கர் ஃபோல்டரில் டீமன் டாட் ஜேசான் கோப்பில் மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3 போட்டு டாக்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது புதிதாக உருவாகும் கண்டெய்னர்களுக்கு மட்டுமே. பழையவற்றை மறுபடி உருவாக்க வேண்டும். `டாக்கர் சிஸ்டம் டிஎஃப்` பழைய இமேஜ் எவ்வளவு என்று சொல்லும். அதைத் துடைக்கும் ப்ரூனோடு வால்யூம்ஸ் ஆப்ஷனைச் சேர்க்காதீர்கள். அந்த நேரத்தில் நின்றிருந்து நீக்கப்பட்ட கண்டெய்னரின் டேட்டாவும் போகலாம்.

டிஸ்கில் இடம் இருந்தும் போஸ்ட்கிரஸ் இதே செய்தியைச் சொன்னால் அது டெவ்-க்குள் இருக்கும் எஸ்எச்எம், ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரி. இயல்பாக 64 எம்பிதான். `--எஸ்எச்எம்-சைஸ் 256எம்` கொடுத்தால் தீரும்.

அறிகுறி 6: மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்ததும் எல்லாம் ஒன்றாக எழுந்து மெஷினை அமுக்குகிறது

இங்கே ஜூன் மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் உண்டு, ஆகவே இந்தப் பழுதும் வருடத்துக்கு இரண்டு பருவம். கம்போஸில் டிபெண்ட்ஸ்_ஆன் எழுதியிருக்கிறோமே என்பார்கள். அந்த வரிசை கம்போஸ் அப் கொடுக்கும்போது மட்டுமே. பூட் ஆனபின் ரீஸ்டார்ட் விதிப்படி டாக்கரே எழுப்பும்போது அதைப் பார்க்காது, எல்லாவற்றையும் சேர்த்து எழுப்பும். கனமான போட்டோ, பேக்கப் கண்டெய்னர்களுக்கு ரீஸ்டார்ட் விதியை `நோ` ஆக்கி, அவற்றை ஐந்து நிமிடம் கழித்து எழுப்பும் ஒரு சிஸ்டம்டி டைமர் எழுதுங்கள். டேட்டாபேஸும் பில்லிங்கும் முதலில் மூச்சு விடட்டும்.

டேட்டாபேஸ் கண்டெய்னர் எழ வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் காத்திருங்கள்; பாதியில் எழுதி நின்றவற்றைச் சரிசெய்துகொண்டிருக்கும். லாகில் வரிகள் நகர்கிற வரை நிறுத்த வேண்டாம். மெமரி வரம்பு காரணமாக அந்தச் சரிசெய்யும் வேலையே 137-இல் நின்றால் அன்றைக்கு மட்டும் வரம்பை 3 ஜிபியாக ஏற்றி, போட்டோவை நிறுத்திவையுங்கள்.

லாகில் "கரப்ஷன்" என்ற சொல்லோ, இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி பற்றிய அறிவுரையோ வந்தால் கண்டெய்னரை நிறுத்துங்கள். வால்யூம் ஃபோல்டரை முழுதாக வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். அந்த அறிவுரையில் எண் 4-உம் அதற்கு மேலும் டேட்டாவை மீட்க முடியாதபடி கெடுக்கக்கூடும். நகல் கையில் இல்லாமல் அந்த எண்களைத் தொடாதீர்கள். நகல் முடிந்ததும் டேட்டாபேஸ் மீட்பு தெரிந்தவரை அழையுங்கள், நகலில்தான் வேலை செய்ய வேண்டும் என்று அவரிடமும் சொல்லுங்கள்.